பெரட்டு நின்ற பிறகு வீட்டுச் செலவு

உங்களில் ஐம்பது வயதைத் தாண்டியவர்களிடம் ஒரு கேள்வி. வேலை ஓய்ந்த பிறகு உங்கள் வீட்டுச் செலவு குறையுமா, கூடுமா?

குறையும் என்றுதான் பெரும்பாலோர் சொல்வீர்கள். பிள்ளைகள் தலையெடுத்துவிட்டார்கள், வீட்டில் இருப்பது இரண்டே வயிறு, இனி என்ன பெரிய செலவு என்று கேட்பீர்கள். பட்டணத்தில் படித்தவர்களும் அப்படித்தான் எழுதுகிறார்கள். கடைசியாக வாங்கிய சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்கு மாதாமாதம் கைக்கு வந்தால் போதும், ஓய்வுக் காலத்தை ஒட்டிவிடலாம் என்பது அவர்கள் சொல்லும் வாய்ப்பாடு. அந்த வாய்ப்பாட்டைப் போட்டவர் லயத்து வீட்டில் குடியிருந்தவர் அல்லர். அதை மட்டும் என்னால் உறுதியாகச் சொல்ல முடியும்.

ஏன் என்று கேளுங்கள். கோலாலம்பூரில் வேலை பார்க்கும் ஒருவர் முப்பது வருடம் சம்பளத்தில் வீட்டுக் கடன் கட்டுகிறார். ஓய்வு பெறும்போது கடன் முடிந்துவிடுகிறது. வீடு அவருடையது. அந்த மாதத்திலிருந்து ஒரு பெரிய செலவு அவர் தலையிலிருந்து இறங்குகிறது. நமக்கோ எல்லாம் தலைகீழ். வேலை இருக்கும் வரை வீட்டுக்கு ஒரு காசு கொடுத்ததில்லை. வேலை முடிந்த மாதத்திலிருந்துதான் வீட்டு வாடகை என்ற ஒன்று நம் வாழ்க்கையில் பிறக்கிறது. அவருக்கு முடியும் இடத்தில் நமக்குத் தொடங்குகிறது!

கேமரன் மலையில் தேயிலை பெரிய அளவில் வேரூன்றியது 1929இல், ரசல் என்ற வெள்ளைக்காரர் போ தோட்டத்தைத் திறந்த காலத்தில். அன்று முதல் மலைமேல் மூன்று நான்கு தலைமுறை நம்மவர் கொழுந்து பறித்திருக்கிறார்கள். பிறந்தது லயம், படித்தது தோட்டத்துப் பள்ளி, தாலி ஏறியது தோட்டத்துக் கோயில். இப்படி வாழ்ந்த குடும்பத்துக்கு, வீடு என்பது சம்பளத்தின் ஒரு பகுதி என்ற நினைப்பே வருவதில்லை. காற்றைப் போல, மலைப் பனியைப் போல அது இருக்கிறது என்று எண்ணிக்கொள்கிறோம்.

என் வீட்டுக்காரர் தேயிலை ஆலையில் வேலை செய்து 2023இல் அறுபது வயதில் நின்றார். நான் கொழுந்துக் கூடையை 2019இலேயே இறக்கி வைத்துவிட்டேன், முழங்கால் கேட்கவில்லை. தோட்டத்தின் பெயர் இங்கே வேண்டாம். வீட்டை விட மூன்று மாதம் தவணை கொடுத்தார்கள். மறுபடி கேட்டதற்கு, புதிதாக வரும் வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கு இடம் வேண்டும் என்றார்கள். அழுது பயன் இல்லை. திரிங்காப்பில் கடைவீதிக்குப் பின்புறம் இரண்டு அறை வீடு ஒன்று வாடகைக்குக் கிடைத்தது, வந்துவிட்டோம்.

திரிங்காப் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. பிரிஞ்சாங்கைத் தாண்டி கம்போங் ராஜா போகும் சாலையில் இருக்கும் சிறிய ஊர். நாலு பக்கமும் கோஸ், தக்காளி, கீரை, பூந்தோட்டங்கள். இரவானால் காய்கறி லோரிகள் கீழே இறங்கும் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். வந்த புதிதில் எனக்குத் தூக்கம் வரவில்லை. பெரட்டுச் சங்கு கேட்காமல் விழிப்பும் வரவில்லை. அது வேறு கதை.

எனக்கு ஒரு பழக்கம். கல்யாணமான நாளிலிருந்து '555' நோட்டுப் புத்தகத்தில் வீட்டுக் கணக்கை எழுதி வருகிறேன். கடன் கடைக்காரர் ஒரு புத்தகம் வைத்திருப்பார், நான் ஒன்று வைத்திருப்பேன். சம்பள நாளில் இரண்டையும் வைத்து ஒப்புப் பார்ப்போம். என் அம்மா கைநாட்டு. கடைக்காரர் எழுதியதுதான் அவருக்கு வேதம். நான் தமிழ்ப் பள்ளியில் ஆறு வருடம் படித்ததற்குக் கண்ட பயன் இந்தப் புத்தகம்தான் என்று என் வீட்டுக்காரர் கேலி செய்வார். இன்று அந்தக் கேலிப் புத்தகத்தைத்தான் உங்கள் முன் விரித்து வைக்கிறேன்.

தோட்டத்தில் இருந்த கடைசி வருடம் எங்களுக்கு மாதம் 1,235 வெள்ளி செலவானது. ஒரு மாதம் கூடும், ஒரு மாதம் குறையும், சராசரியைச் சொல்கிறேன். திரிங்காப்புக்கு வந்த முதல் வருடம் அதுவே 1,855 வெள்ளி. மாதம் 620 வெள்ளி கூடிவிட்டது. சாப்பிடுவது அதே இரண்டு பேர். மீன் வாங்கும் நாள்கூட மாறவில்லை. பின் எங்கே போனது இந்த 620?

வாடகை 500 வெள்ளி. தண்ணீருக்குத் தோட்டத்தில் காசு இல்லை, இங்கே 10. மின்சாரம் 40ஆக இருந்தது 65 ஆனது. அடுப்புக்கு வருவோம். லயத்தில் இருந்தபோது பின்புறம் மண் அடுப்பு ஒன்று வைத்திருந்தேன். கவ்வாத்து வெட்டிய தேயிலை மிலாறு அடுப்பங்கரை நிறையக் கிடக்கும். வெந்நீர், பருப்பு, ஆட்டுக்கால் எல்லாம் அதில்தான் வேகும். எரிவாயு மாதம் ஒரு சிலிண்டர், 30 வெள்ளி. இங்கே புகை போட்டால் மேல் மாடிக்காரர் சண்டைக்கு வருவார். இரண்டு சிலிண்டர், 60 வெள்ளி. இந்த நாலையும் கூட்டுங்கள். 565 வெள்ளி! கூடிய 620இல் 565 வீட்டைச் சேர்ந்தது. நாங்கள் ஊதாரித்தனம் செய்து ஏற்றிய செலவு அல்ல இது. தோட்டம் இத்தனை நாள் நமக்குத் தெரியாமல் நம் பெயரில் கட்டிக்கொண்டிருந்த செலவு.

மீதி 55 வெள்ளியில் ஏற்றமும் இருக்கிறது, இறக்கமும் இருக்கிறது. இவருடைய பூட்ஸ், மழைக்கோட்டு, ஒட்டுக்கடையில் தேநீர், பசியாறல் என்று வேலைக்காகவே போய்க்கொண்டிருந்த 110 வெள்ளி நின்றுபோனது. மோட்டார் சைக்கிளுக்கு எண்ணெய் 30 குறைந்தது. ஆனால் லயத்துக்குப் பின்னால் முருங்கையும் கீரையும் வைத்திருந்த இடம் போய்விட்டது. காய்கறித் தோட்டங்களுக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டு காசு கொடுத்துக் கீரை வாங்க வேண்டிய வேடிக்கை! மளிகை 20 வெள்ளி ஏறியது. மருந்தும் ஈப்போ போய்வரும் செலவும் 25இலிருந்து 90 ஆனது. பேரப்பிள்ளைகளுக்கு 100 கொடுத்தது 150 ஆனது. மொய், கோயில் காரியம் 180 என்பது 240.

இந்த மொய்க் கணக்கைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும். வேலையில் இருந்தபோது ஒரு கல்யாணத்துக்குப் போகவில்லை என்றால், 'ஞாயிற்றுக்கிழமை வேலை இருந்தது' என்று சொல்லித் தப்பலாம். ஓய்வு பெற்றவருக்கு அந்தச் சாக்கு இல்லை. ஐயர்மலைக்குப் போகாதவர் எல்லாம் பத்திரிகையை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கிறார்கள். அதுமட்டுமா? சேமநிதிப் பணம் வந்திருக்கிறது என்ற செய்தி, நாம் சொல்லாமலே ஊரைச் சுற்றிவிடுகிறது. இருபது வருடம் எட்டிப் பார்க்காத உறவு வாசலில் நிற்கும். 'கூட்டு'ப் பிடிக்கிறோம், நீங்களும் ஒரு கை சேருங்கள் என்று கேட்பார்கள். 1971ஆம் ஆண்டிலேயே கூட்டு நிதியைத் தடை செய்து நாட்டில் சட்டம் வந்துவிட்டது என்பதைத் தாய்மார்கள் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். நடத்துபவர் ஓடிப்போனால் புகார் கொடுக்கவும் வாய் எழாது.

நிற்க. சேமநிதிக்கு வருவோம்.

ஊழியர் சேமநிதி 1951இல் ஏற்பட்டது. நம் தோட்டத்துப் பாட்டிமார் காலத்தில் ஓய்வு என்றால் பிள்ளை கையை எதிர்பார்ப்பது, இல்லாவிட்டால் கப்பலேறி ஊருக்குப் போவது. அந்த நிலையை மாற்றியது இந்த நிதிதான். இன்று ஒருவர் குறைந்தபட்சச் சம்பளமாகிய 1,700 வெள்ளி வாங்கினால், அவர் பங்கு நூற்றுக்குப் பதினொன்று, முதலாளி பங்கு நூற்றுக்குப் பதின்மூன்று என்று மாதம் ஏறக்குறைய 408 வெள்ளி சேர்கிறது. இந்த 1,700 வந்தது 2025 பிப்ரவரியில். 2013இல் முதன்முதல் குறைந்தபட்சச் சம்பளம் வந்தபோது தீபகற்பத்தில் அது 900 வெள்ளி. அதற்கு முன் எங்கள் காலத்துச் சம்பளம் என்ன என்பதைச் சொன்னால் இளைஞர்கள் நம்ப மாட்டார்கள். சிறிய சம்பளத்தில் சிறிய சேமநிதி. 2019இல் வாரியத்தார், ஐம்பத்தைந்து வயதில் ஒருவர் கணக்கில் 240,000 வெள்ளியாவது இருக்க வேண்டும் என்று ஓர் அளவு சொன்னார்கள். இருபது வருடத்துக்கு மாதம் 1,000 வெள்ளி என்பது அந்தக் கணக்கு. முப்பது வருடத்துக்கு மேல் உழைத்த நாங்கள் இருவரும் சேர்ந்து வைத்திருந்தது 96,000.

இந்தத் தொகையைக் கேட்டதும் என் தம்பி, "அடேயப்பா, லட்சத்தைத் தொட்டுட்டீங்களே அக்கா!" என்றான். நானும் அப்படித்தான் பூரித்துப்போனேன். பிறகு புத்தகத்தை எடுத்தேன். 96,000த்தை 1,855ஆல் வகுத்தேன். ஐம்பத்தோரு மாதம், ஐம்பத்திரண்டாவது மாதத்துக்குக் கொஞ்சம் குறைகிறது. நாலு வருடம் நாலு மாதம்கூட முழுதாக இல்லை. இவருக்கு அறுபத்தைந்து வயது நிரம்புவதற்குள் பெட்டி காலி! பூரிப்பு எங்கே போனது என்று தெரியவில்லை.

மொத்தமாக எடுத்தால்தான் இந்தக் கதி. பலருக்குத் தெரியாத ஒன்றை இங்கே அழுத்திச் சொல்கிறேன். வயது வந்துவிட்டது என்பதற்காகப் பணத்தை எடுத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. வாரியத்திலேயே விட்டு வைக்கலாம், நூறு வயது வரை அதற்கு இலாப ஈவு போடுகிறார்கள். வேண்டும்போது ஒரு பகுதியை எடுக்கலாம். மாதம் இவ்வளவு என்று எழுதிக் கொடுத்தால் சம்பளம் போலவே வங்கிக்கு வந்துவிடும். 2023ஆம் ஆண்டுக்கு நூற்றுக்கு 5.50, 2024ஆம் ஆண்டுக்கு 6.30 என்று ஈவு கொடுத்தார்கள். நான் பயந்தவள், குறைந்ததையே வைத்துக் கணக்குப் போட்டேன். 96,000க்கு 5.50 வீதம் வருடத்துக்கு 5,280 வெள்ளி. மாதத்துக்கு 440. முதலைத் தொடாமலே வாடகையில் பெரும்பகுதி வந்துவிடுகிறது பாருங்கள்! இதே பணத்தை எடுத்து ஒரு பழைய காடியும் பெரிய தொலைக்காட்சியும் வாங்கியிருந்தால், அந்தக் காடி நமக்கு மாதம் 440 கொடுக்குமா? எண்ணெயும் சாலை வரியும் அல்லவா கேட்கும்!

முதல் வருடத்தைப் பி.எஸ்.என். கணக்கில் இருந்த கையிருப்பில் ஓட்டினோம். சேமநிதியில் கை வைக்கவில்லை. அதற்குள் ஓரளவு வழி பிறந்தது. இவர் பக்கத்துக் காய்கறித் தோட்டத்தில் வாரம் இரண்டு நாள் தக்காளி பிரித்துப் பெட்டி கட்டப் போகிறார். நாளுக்கு 60 வெள்ளி, மாதம் 480 வருகிறது. ஜொகூரில் இருக்கும் மகன் 300 அனுப்புகிறான். ஈவு 440ஐயும் சேர்த்தால் 1,220. செலவைப் பிடித்து இறுக்கினேன். மொய்க்கு 150க்கு மேல் இல்லை என்று கோடு போட்டேன். இரண்டு கைப்பேசித் திட்டத்தை மலிவானதாக மாற்றி 25 மிச்சம் பிடித்தேன். பேரப்பிள்ளைகளுக்குப் பழையபடி 100 வெள்ளி. தவுக்கே அடிபட்ட கோஸும் தக்காளியும் இனாமாகவே கொடுத்துவிடுகிறார், மளிகையில் 60 குறைந்தது. ஆக மாதம் 1,630. இன்னும் 410 வெள்ளி துண்டு விழுகிறது. அதை முதலிலிருந்து எடுக்கத்தான் வேண்டும்.

என் மகள் ஈப்போவில் தாதியாக இருக்கிறாள். அவள் கைப்பேசியில் தட்டிப் பார்த்துவிட்டு, "இப்படியே போனா பதிமூன்றரை வருஷம் வரும்மா" என்றாள். நல்ல செய்திதானே என்று நினைத்தேன். "அப்பா வேலைக்குப் போறவரைக்கும்தான். அப்பா நிக்கிற அன்னிக்கு ஏழரை வருஷம்" என்றாள்.

ஏழரை! சனியனுக்குத்தான் அந்தக் கணக்கு என்று நினைத்திருந்தேன். அன்றிரவு நான் சாப்பிடவில்லை. இவரும் கேட்டுக்கொண்டு பேசாமல் இருந்தார். காலையில் எழுந்ததும் தக்காளித் தோட்டத்துக்கு மூன்றாவது நாளும் போகலாமா என்று கேட்டார். முழங்கைக்கு எண்ணெய் தடவிக்கொண்டே கேட்டார்.

இதில் இன்னொன்றும் உண்டு. ஓய்வுக் காலச் செலவு ஒரே நேர்கோட்டில் போவதில்லை. அமெரிக்காவில் டேவிட் பிளான்செட் என்பவர் 2014இல் இதை ஆராய்ந்து எழுதினார். ஓய்வு பெற்ற முதல் சில வருடம் செலவு அதிகம், நடுவில் மெல்ல மெல்ல இறங்கும், கடைசியில் மருத்துவச் செலவால் மறுபடி ஏறும். படமாக வரைந்தால் சிரிக்கிற வாயைப் போல இருக்குமாம். புன்னகை என்றே அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். நம் லயத்து ஆட்களைப் பார்த்தாலும் இது பொருந்துகிறது. முதல் இரண்டு வருடம் பத்துமலை, பினாங்கு, பழனி, இராமேசுவரம் என்று இத்தனை நாள் முடியாத யாத்திரை எல்லாம் போக வேண்டும். கேட்டுப் பெற்ற விடுதலை அல்லவா! எழுபதுக்கு அருகில் வந்தால் சாலையைக் கடப்பதே யாத்திரை. செலவு தானாகச் சுருங்கும். அதன் பிறகு சர்க்கரை, இரத்த அழுத்தம், கண் புரை. நடுவில் சுருங்கிய காலத்தில் மிச்சம் பிடித்ததைக் கடைசிக் காலத்துக்கு விட்டுவைப்பவர் புத்திசாலி.

இங்கிலாந்தில் யார்க் என்ற ஊரில் ரவுண்ட்ரி என்பவர் 1899இல் கூலிக்காரர் வீடுகளை வீடு வீடாகக் கணக்கெடுத்து 1901இல் நூலாக வெளியிட்டார். ஒரு கூலிக்காரன் வாழ்க்கையில் மூன்று முறை வறுமை வருகிறது என்றார் அவர். குழந்தையாக இருக்கும்போது ஒன்று. தன் குழந்தைகள் சிறியவையாக இருக்கும்போது ஒன்று. உடம்பு ஓய்ந்த பிறகு ஒன்று. நடுவில் வரும் நல்ல காலங்கள் இரண்டே. பிள்ளைகள் எல்லாம் சம்பாதித்து, நாமும் இன்னும் வேலையில் இருக்கும் ஐந்தாறு வருடம் அவற்றில் ஒன்று. நாற்பத்தெட்டு முதல் ஐம்பத்தைந்து வயது என்று நம் தோட்டத்துக்கு வைத்துக்கொள்ளலாம். வாசகர்களே, உங்களில் யார் இப்போது அந்தக் காலத்தில் இருக்கிறீர்கள்? உங்களுக்காகத்தான் முக்கியமாக இதை எழுதுகிறேன். கையில் கொஞ்சம் மிச்சம் புரளும். அந்த மிச்சம் எல்லாம் புது மோட்டார் சைக்கிளாகவும் தங்கச் சங்கிலியாகவும் மாறுகிற காலமும் அதுதான்.

அந்த வயதில் முதலில் செய்ய வேண்டியது வீட்டுக்கு வழி தேடுவது. சேமநிதியில் வீடு வாங்குவதற்காக எடுக்கும் வழி ஒன்று இருக்கிறது. 2024 மே மாதத்திலிருந்து கணக்கை மூன்றாகப் பிரித்துவிட்டார்கள். நூற்றுக்கு 75 ஓய்வுக்கு, 15 நல்வாழ்வுக்கு, 10 எப்போது வேண்டுமானாலும் எடுப்பதற்கு. வீட்டுக்கு எடுப்பது நடுக்கணக்கிலிருந்து. எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம் என்ற அந்தப் பத்துப் பங்கு இருக்கிறதே, அதைத்தான் இளைஞர்கள் கைப்பேசியிலேயே உருவிவிடுகிறார்கள். என் மருமகனுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன், அவர் இதைப் படிப்பார்.

தோட்டத்து மக்கள் வீட்டையும் நிலத்தையும் பற்றி யோசிக்காதவர்கள் என்று சொல்லிவிடக் கூடாது. ஐம்பதுகளில் வெள்ளைக்காரர்கள் ரப்பர்த் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றபோது நம்மவர் ஆயிரக்கணக்கில் வேலையையும் லயத்தையும் ஒரே நாளில் இழந்தார்கள். அதைப் பார்த்துத்தான் துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டம் தோட்டமாகப் போய்ச் சிறுகச் சிறுகக் கட்டிப் பங்கு வாங்குங்கள் என்றார். தொழிலாளர் போட்ட அந்தப் பணத்தில் கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டம் வாங்கப்பட்டது. கூலிக்காரன் காசு தோட்டத்தையே வாங்கியது! அப்படியானால் ஒரு குடும்பத்துக்கு இரண்டு அறை வீடு எட்டாத கனியா என்ன? மலைமேல் வீட்டு விலை எட்டாது, ஒப்புக்கொள்கிறேன். கீழே தாப்பா, பீடோர், ஈப்போ பக்கம் இன்னும் விசாரித்தால் கிடைக்கிறது. முப்பத்தைந்து வயதில் விசாரித்தால் கடனும் கிடைக்கும். ஐம்பத்தெட்டில் வங்கிக்காரர் நம் தலை நரையைத்தான் பார்ப்பார்.

சிறிய காரியங்கள் சில இருக்கின்றன, ஓட்டமாகச் சொல்லிவிடுகிறேன். சேமநிதிக்கு வாரிசுப் பெயர் எழுதிக் கொடுத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். கல்யாணத்துக்கு முன்னால் அம்மா பெயரை எழுதியவர்கள் இருக்கிறார்கள், அம்மாவும் இறந்துபோயிருப்பார். காய்கறித் தோட்டத்தில் நாள் கூலிக்குப் போகும் பெண்கள், முதலாளி கட்டாவிட்டாலும் தாங்களே சேமநிதியில் கட்டலாம். அரசாங்கமும் அதற்கு மேல் ஒரு பங்கு போடுகிறது. எஸ்.டி.ஆர். போன்ற உதவிகளுக்கு மனுப் போடுங்கள், கிடைத்தால் வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் மாதக் கணக்கில் வரவாக எழுதாதீர்கள். சமூகநலத் துறையில் வயோதிகர் உதவி உண்டு. பார்க்க ஆள் இல்லாதவர்கள் கூச்சப்படாமல் கேட்க வேண்டும். இன்னும் சிவப்பு அடையாள அட்டையோடு இருக்கும் முதியவர்கள் நம்மில் உண்டு. அவர்களுக்கு இந்தக் கதவுகளில் பல திறப்பதில்லை. வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால் பிள்ளைகள் இன்றே தாளைக் கையில் எடுங்கள்.

இனிச் சொல்லப்போவதைப் பெண்களுக்கு என்றே வைத்துக்கொள்ளுங்கள். இருவரில் ஒருவர் முந்திப் போவார். பெரும்பாலும் ஆண்தான் முந்துகிறார், நம் லயங்களில் எண்ணிப் பார்த்தாலே தெரியும். ஒருவர் போனால் செலவு பாதியாகும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அரிசி பாதியாகும். வாடகை பாதியாகுமா? எரிவாயு ஒருவருக்கும் அடுப்பு ஒன்றுதான், விளக்கு ஒன்றுதான். என் புத்தகத்தில் ஒரு பக்கம் ஒதுக்கி, நான் தனியாக இருந்தால் எவ்வளவு என்று எழுதிப் பார்த்தேன். 1,630 என்பது 1,150க்குக் கீழே இறங்க மறுக்கிறது. இவருடைய தக்காளிக் கூலி 480 நின்றுபோகும். அந்தப் பக்கத்தை எழுதும்போது இவர் எட்டிப் பார்த்தார். "என்னைக் கழிச்சிட்டுக் கணக்குப் போடுறியா?" என்றார். "உங்களுக்கும் ஒரு பக்கம் எழுதியிருக்கேன், திருப்பிப் பாருங்க" என்றேன். என்னைக் கழித்த கணக்கில் ஒட்டுக்கடைச் செலவு 200 வெள்ளி கூடியிருந்ததைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

மகள் சொல்வது, மலையை விட்டு இறங்கி ஈப்போவுக்கு வாருங்கள் என்று. புந்தோங் பக்கம் 300 வெள்ளிக்கு வீடு பார்க்கலாம், பெரிய ஆஸ்பத்திரி பக்கத்தில், பேருந்துச் செலவு மிச்சம். மாதம் 250 குறையும். அப்பா வேலையை நிறுத்தினாலும் ஏழரை வருடம் என்பது பத்துக்குக் கிட்ட வரும் என்கிறாள். கணக்கு சரிதான். ஆனால் அங்கே அடிபட்ட கோஸ் கொடுக்கத் தவுக்கே இல்லை. இங்கே போர்வை செய்கிற வேலையை அங்கே மின்விசிறி இரவும் பகலும் செய்ய வேண்டும், தெனாகா பில் ஏறும். அதையும் எழுதித்தான் வைத்திருக்கிறேன். கணக்கில் எழுத முடியாதது ஒன்று இருக்கிறது. அறுபது வருடம் குளிரில் கிடந்த உடம்பு. மகள் வீட்டுக்குப் போய் மூன்று நாள் தங்கினால் நாலாம் நாள் இவர் வாசலில் உட்கார்ந்து மலை இருக்கும் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். அங்கிருந்து மலை தெரியும், தேயிலை தெரியாது.

தை பிறந்த பிறகு ஒரு சனிக்கிழமை இறங்கிப் போய் நாலைந்து வீடு பார்ப்பதாக முடிவு செய்திருக்கிறோம். இங்குள்ள வீட்டுக்காரரிடம் முன்பணத்தைப் பற்றி இன்னும் பேசவில்லை. மகளிடம் இரண்டே நிபந்தனை சொல்லியிருக்கிறேன். மாடி வீடு வேண்டாம். பின்புறம் ஒரு முருங்கை ஊன்ற இடம் வேண்டும்.